காவிரிக் கரையின் நீல மீன்கொத்தி

ஒகேனக்கல் அருவியைப் படமெடுக்கக் கேமராவோடு போகிறவர்களே, பரிசலில் ஏறும் முன் காவிரிக் கரையோரக் கிளைகளையும் பாறைகளையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சிறு நீல மீன்கொத்தி அங்கே உட்கார்ந்திருக்கலாம். நீளம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர்தான். வயிறு செம்மஞ்சள், முதுகில் மின்னல் நீலம்.

அந்த நீலம் சாயமே அல்ல. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தெரியும் நிறம் அது. வெயிலின் கோணம் மாறினால் படத்தில் நீலமும் மாறிவிடும். இளங்காலையில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று எடுங்கள். கீழ் அலகு சிவந்திருந்தால் பெண். அலகு முழுக்கக் கறுப்பென்றால் ஆண்.

பறக்கிற பறவையைத் துரத்தாதீர்கள். ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து அமரும் பழக்கம் அதற்கு உண்டு. அந்தக் கிளையைக் கண்டுகொண்டு தள்ளி நின்று காத்திருப்பதே நல்ல வழி. தண்ணீருக்குள் பாயும் நொடியைப் பிடிக்க ஷட்டர் வேகம் நொடியில் 2000-ல் ஒரு பங்காவது வேண்டும்.

ஆற்றங்கரை மண்சரிவில் வளை தோண்டி முட்டையிடும் பறவை இது. வளைக்கு அருகில் மட்டும் போகவே போகாதீர்கள். ஆள் நின்றால் இரையோடு வரும் தாயும் தந்தையும் உள்ளே நுழையத் தயங்கும். குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.