பால் குடித்தால் கொலஸ்ட்ரால் ஏறுமா? முயல் சோதனைகள் சொல்வது என்ன?

"பாலை நிறுத்துங்கள், சோயா சாப்பிடுங்கள், ரத்தக் கொலஸ்ட்ரால் இறங்கும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு கறவை மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு இது சாதாரணப் பேச்சு அல்ல. இதன் வேர் ஆய்வக முயல்களில் இருக்கிறது.

1908 வாக்கில் ரஷ்யாவில் இக்னாட்டோவ்ஸ்கி என்ற மருத்துவர் முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை கொடுத்தார். அவற்றின் ரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்தது. புரதமே காரணம் என்று அவர் கருதினார். 1913-ல் அனிச்கோவ் கொலஸ்ட்ராலை எண்ணெயில் கலந்து கொடுத்தே அதே படிவை உண்டாக்கிக் காட்டினார். அதன்பின் புரதத்தின் பக்கம் கவனம் குறைந்துவிட்டது.

மீண்டும் அதைத் தீவிரமாகக் கிளப்பியவர்கள் 1970களில் கனடாவின் கேரலும் ஹாமில்டனும். அவர்கள் தயாரித்த தீவனத்தில் கொலஸ்ட்ரால் இல்லை, கொழுப்பும் குறைவு. மாற்றியது புரதத்தை மட்டும்தான். பால் புரதமான கேசீன் தின்ற முயல்களுக்கு ரத்தக் கொலஸ்ட்ரால் ஏறியது. சோயா புரதம் தின்றவற்றுக்குக் குறைவாகவே இருந்தது.

ஏன்? கேசீனில் லைசின் என்ற அமினோ அமிலம் ஆர்ஜினைனைப் போல் சுமார் இரண்டு மடங்கு. சோயாவில் இரண்டும் ஏறக்குறைய சமம். இந்த விகிதமே காரணம் என்றார் அமெரிக்காவின் கிரிச்செவ்ஸ்கி. இன்னொரு விளக்கமும் உண்டு. சோயா புரதம் செரிக்கும்போது பித்த அமிலங்கள் சாணத்தோடு கூடுதலாக வெளியேறுகின்றன. அதை ஈடுகட்ட ஈரல் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கிறது.

மேடைகளில் சொல்லாமல் விடுவது இனிமேல்தான் வருகிறது. அந்தத் தீவனத்தில் நார்ச்சத்தாகச் சேர்த்தது சுத்திகரித்த செல்லுலோஸ். அதற்குப் பதில் குதிரைமசால் சேர்த்தபோது, கேசீன் தின்ற முயல்களுக்கும் சோயா தின்ற முயல்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது! நாம் மாட்டுக்கு வளர்க்கும் அதே குதிரைமசால்தான். புரதத்தோடு கூடவே என்ன தின்கிறது என்பதும் கணக்கில் வருகிறது. தவிர, முயல் தழை தின்னும் பிராணி. பால் புரதம் அதன் இயல்பான உணவே அல்ல. எலிகளுக்கோ கொலஸ்ட்ராலை ஏற்றுவதே கடினம்.

மனிதர்களில்? 38 ஆய்வுகளைத் தொகுத்து 1995-ல் வந்த கட்டுரை, சராசரியாக நாளுக்கு 47 கிராம் சோயா புரதம் கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமார் 13 சதவீதம் குறைத்ததாகச் சொன்னது. பிந்தைய ஆய்வுகளைப் பார்த்த அமெரிக்க இதய சங்கம் 2006-ல் அதைச் சுமார் 3 சதவீதமாக மதிப்பிட்டது. 47 கிராம் புரதத்துக்குத் தினம் சுமார் 120 கிராம் சோயா விதை வேண்டும். எத்தனை வீடுகளில் முடியும்?

பாலால் நமக்குக் கொலஸ்ட்ரால் கூடுமானால் அதற்கு முதல் காரணம் வெண்ணெய்க் கொழுப்பு, கேசீன் அல்ல. கொழுப்பு நீக்கிய பாலிலும் மோரிலும் புரதம் அப்படியே இருக்கிறது. ஆகவே விரிவாக்கப் பணியாளர்கள் பயறு வகைகளைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். அதற்காகப் பாலைப் பழிக்க வேண்டியதில்லை.

சோயாவைப் பரிந்துரைக்கும்போது ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். பச்சை விதையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் உண்டு. நன்றாக வேகவைத்தோ வறுத்தோதான் சாப்பிட வேண்டும். கோழித் தீவனத்தில் சேர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.