விலை தெரியாத வாடிக்கையாளர்

கடந்த பெருநாள் காலத்தில் வெள்ளவத்தையிலுள்ள எனது புடைவைக் கடையின் முகநூல் பக்கத்தில் மலிவு விற்பனை அறிவித்தல் ஒன்றைப் போட்டேன். நல்ல வர்ணப் படம். சல்வார் என்ன விலை, சாரம் என்ன விலை, எத்தனையாம் திகதி வரை என்பதெல்லாம் படத்துக்குள்ளேயே இருந்தன. மேலே நான் எழுதியது "விபரம் படத்தில்" என்பது மட்டுமே.

மறுநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார். பல வருடங்களாக எங்களிடம் துணி எடுப்பவர். இரு கண்களும் தெரியாது.

"நாநா, உங்கட அறிவித்தலில ஏதோ எழுத்து இருக்கு என்டு மட்டும்தான் என்ட ஃபோன் சொல்லுது. விலையை வாசிக்கச் சொல்ல பக்கத்து வீட்டுப் பிள்ளை வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தன். வரல்ல. அதுதான் எடுத்தன்" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் கடைக்கு வந்தால் கதிரை போட்டு உட்காரவைப்பேன். ஆனால் விலையை அறிய அவரை அடுத்தவர் தயவில் விட்டிருக்கிறேன்.

அவரைப் போன்றோரின் கைத்தொலைபேசியில் திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. அண்ட்ரொய்டில் அதன் பெயர் டோக்பேக், ஐபோனில் வொய்ஸ்ஓவர். தட்டச்சு செய்த எழுத்தை அது வாசிக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குப் பெரும்பாலும் வெறும் படம்தான். 2016 முதல் முகநூல் படங்களைத் தானாகவே விபரிக்க முயல்கிறது. தமிழ் விளம்பரத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது.

இத்தகையோர் எத்தனை பேர் என்று கேட்கலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதும் அதற்கு மேற்பட்டோரிலும் 8.7 சதவீதமானோருக்கு, அதாவது சுமார் 16 இலட்சம் பேருக்கு, ஏதாவதொரு இயலாமை இருக்கிறது. பார்ப்பதில் சிரமப்படுவோர் மட்டும் சுமார் 10 இலட்சம். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது நம்மில் பலர் வியாபாரத்தை முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் கொண்டுபோனோம். இவர்களை யோசிக்கவில்லை.

செய்ய வேண்டியவை சில. செலவு ஒரு சதமும் இல்லை.

முதலாவது, பொருள், விலை, திகதி, முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் படத்துக்கு வெளியேயும் எழுத்தில் போடுங்கள். முகநூலில் படத்தைத் திருத்தும்போது 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்றோர் இடம் வரும். படத்தில் இருப்பதை அங்கே ஓரிரு வசனங்களில் எழுதலாம். வட்ஸ்அப்பில் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, யூனிகோடில் எழுதுங்கள். அச்சகத்திலிருந்து வரும் விளம்பரம் பெரும்பாலும் பாமினி எழுத்தில் இருக்கும். அதில் 'தமிழ்' என்று அடித்தால் நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஜே, கே, பீ, ஓ என்ற ஆங்கில எழுத்துகள். அதை அப்படியே பிரதி செய்து போட்டால் விழிப்புலனற்றவருக்குக் கேட்பது வெறும் உளறல்.

மூன்றாவது, வரிசையாகப் பூவும் நட்சத்திரமும் போடாதீர்கள். ஒவ்வொன்றின் பெயரையும் அந்தத் தொலைபேசி சொல்லி முடித்த பின்புதான் விலைக்கு வரும்.

நான்காவது, வீடியோவில் வாயால் சொல்லும் விலையை எழுத்திலும் காட்டுங்கள். செவிப்புலனற்றவருக்கு அது உதவும். சத்தத்தைக் குறைத்துவிட்டு பஸ்ஸில் பார்ப்பவருக்கும்தான். குரல் பதிவு அனுப்பினால் கூடவே இரண்டு வரி எழுதுங்கள். பார்வை மங்கிய நம் வயதுக்காரரை நினைத்து, மஞ்சளில் வெள்ளை எழுத்துப் போடாமல் கறுப்பில் போடச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் தொலைபேசியிலேயே டோக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடி, உங்கள் விளம்பரத்தைக் கேட்டுப் பாருங்கள். திரும்ப நிறுத்தத் தெரிந்த மகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கணினியில் என்.வீ.டீ.ஏ. என்ற மென்பொருளை இலவசமாகப் போடலாம். விழிப்புலனற்றவரான அவுஸ்திரேலியர் மைக்கல் கரன் 2006இல் அதை ஆரம்பித்தார்.

அன்றே எனது அறிவித்தலை எழுத்தில் திரும்பப் போட்டேன். பத்து நிமிட வேலை. மாலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது.

"நாநா, இப்ப எல்லாம் விளங்குது. ஆனா சாரம் விலை கொஞ்சம் கூட" என்றார்.

பேரம் பேச முடிந்தால்தானே அவர் வாடிக்கையாளர்! ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தேன்.