வாசனை மாறினால் போலிச் சரக்கா? சென்ட் விற்பனையில் கவனிக்க வேண்டியவை

திருநகர், பசுமலை, திருப்பரங்குன்றம் பகுதியில் மளிகைக் கடைகளிலும் சென்ட் பாட்டில்கள் இடம் பிடித்துவிட்டன. அடித்தவுடன் ஆரஞ்சு, எலுமிச்சை மணமும், முடிவில் வெனிலா போன்ற இதமான இனிப்பு வாசனையும் தரும் ரகம் அவற்றுள் ஒன்று. இதை வாங்கிச் சென்றவர் மறுநாளே, "கடையில் ஒரு வாசனை, வீட்டில் ஒரு வாசனை, இது டூப்ளிகேட்" என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வருவதுண்டு. அவருக்குத் தக்க பதில் சொல்ல நாம் விஷயத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

சென்ட் என்பது பல வாசனைப் பொருட்களை ஆல்கஹாலில் கரைத்த கலவை. அவை யாவும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனின் என்ற பொருள். இது விரைவில் பறந்துவிடும்; அரை மணி நேரம் நின்றாலே அதிகம். அடுத்து மல்லிகை போன்ற பூ மணம் சில மணி நேரம் இருக்கும். வெனிலா, சந்தனம், சாம்பிராணி போன்றவை மெதுவாக ஆவியாவதால் கடைசிவரை தங்கும். ஆகவே வாசனை மாறுவது மட்டுமே போலிக்கு அடையாளம் ஆகாது.

1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா நிறுவனம் தொடங்கியது. எலுமிச்சை இன மணம் கொண்ட அதன் வாசனை நீரே 'ஓடிகோலன்' என்ற பெயருக்கு மூலம். புத்துணர்ச்சி தந்தாலும் அவ்வகை மணம் நீடிப்பதில்லை. 1874-இல் வெனிலாவின் மணப்பொருளான வெனிலினைச் செயற்கையாகத் தயாரித்தனர். 1925-இல் பிரான்சின் கெர்லான் நிறுவனம், பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் மணத்தோடு வெனிலா இனிப்பைச் சேர்த்து, மொகலாயர் தோட்டத்தின் பெயரால் 'ஷாலிமார்' சென்ட்டை வெளியிட்டது. இன்றைய ரகமும் அவ்வழி வந்ததே.

விரைவில் பறக்கும் எலுமிச்சை மணமே பாட்டிலுக்குள்ளும் முதலில் கெடுகிறது. காற்றும், வெளிச்சமும், சூடும் பட்டால் லிமோனின் மாறிப்போகும். புதுப் பழ மணம் போய் டர்பன்டைன் போன்ற நெடி வரும். மேற்கு வெயில் விழும் கண்ணாடி ஷோகேஸில் அழகாக அடுக்கி வைக்கும் சரக்கு, நம் சித்திரை வெயிலில் நம் கைமுதலையே கரைத்துவிடும். வெனிலின் சேர்ந்த சென்ட் நாளடைவில் பழுப்பேறுவது இயல்பு; நிறத்தை மட்டும் பார்த்துக் கழித்துவிட வேண்டாம், முகர்ந்து பார்ப்பதே சரி.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. அட்டைப் பெட்டியோடு, வெயில் படாத அலமாரியில் வைக்கவும். பார்வைக்குக் காலிப் பெட்டியே போதும்.

2. ஆல்கஹால் தீப்பற்றக் கூடியது. சாமி படத்து விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம், அடுப்பு அருகில் வைக்கலாகாது.

3. டீத்தூள், காப்பித்தூள், அரிசிப் பக்கம் வைக்க வேண்டாம், வாசனை ஏறிவிடும்.

4. மூடியை முகரக் கொடுத்து விற்காமல், மணிக்கட்டில் சிறிது அடித்துவிட்டு, மளிகைச் சிட்டைக்குச் சாமான் கட்டி முடித்தபின் மறுபடி முகரச் சொல்லவும். பின்னால் வரும் வாசனையையும் அறிந்து வாங்கியவர் திருப்பிக் கொண்டு வரமாட்டார்.

5. தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், உபயோகிக்க வேண்டிய கடைசித் தேதி, அளவு, எம்.ஆர்.பி. ஆகியவை லேபிளில் உள்ளனவா என்று பார்த்து, பில்லுடன் மட்டுமே கொள்முதல் செய்யவும்.

6. பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால் என அடுக்கவும்.

சிறிய பாட்டில்தான்; ஆனால் அதில் நம் முதலும் கடையின் பெயரும் அடங்கியிருக்கின்றன. விஷயம் தெரிந்து விற்போம், இரண்டையும் காப்போம்.