முதல்நாட் பட்டியலும் மின்னஞ்சலும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் பாதையில் சாம்பல்தீவு அமைந்துள்ளது. அவ்வூரவர் ஒருவர் காணி விடயமாகக் கச்சேரிக்கு எழுத விரும்பினால், முன்னாளில் தபாற்பெட்டியை நாடினார்; இந்நாளில் மின்னஞ்சலையும் நாடுகின்றார். இக்கடிதத்தைக் கையால் தொட முடியாதாயினும், இதனை ஏற்று உரியவரிடம் சேர்ப்பதற்கும் ஒரு தபாற்கந்தோர் உண்டு. மின்னஞ்சற் சேவையகம் எனப்படும் கணினியே அது.

அலுவலக வலையமைப்பில் எவர் எதனைத் திறக்கலாம், எதனைப் பார்க்கலாம் என விதிப்பது பாதுகாப்புக் கொள்கை. சேவையகமும் அதற்கு உட்பட்டதே. பிரெட்றிக் கோட்டை வாயிலை நேயர்கள் அறிவர். கோணேசர் ஆலயத்திற்கு அதனூடாகவே செல்லல் வேண்டும். ஒரு கோட்டை வாயிலில் அனுமதிப் பட்டியல் குழம்பிவிட, அதனைக் கிழித்து முதல்நாட் பட்டியலையே மீண்டும் வைத்தனர் எனக் கொள்வோம். பின்னாளில் சேர்க்கப்பட்ட பூக்காரர், குற்றம் ஏதும் செய்யாதவராயினும், வாயிலில் நிறுத்தப்படுவார். பூசைக்குப் பூ வாராது.

மின்னஞ்சலுக்கு நேர்வதும் இதுவே. விண்டோஸ் வலையமைப்பில், பழுதுற்ற அடிப்படைக் கொள்கைகளை ஆதிநிலைக்கு மீட்கும் கருவி ஒன்றுண்டு. எக்ஸ்சேஞ்ச் என்னும் மின்னஞ்சல் நிரலோ பின்னர் நிறுவப்படுவது. நிறுவும்பொழுது, தணிக்கையையும் பாதுகாப்புப் பதிவேட்டையும் நிர்வகிக்கும் உரிமை அதன் சேவையகங்களுக்கு வழங்கப்படுகின்றது. கொள்கை ஆதிநிலையடைந்ததும் அவ்வுரிமை அழிந்துவிடுகின்றது. பயனாளர் விபரங்களைக் காக்கும் ஆட்சிக் கணினிகளை அதன்பின் சேவையகம் பயன்படுத்த இயலாது. மின்னஞ்சற் சேவைகளும் நின்றுவிடும்.

இதற்காக எக்ஸ்சேஞ்சை அகற்றி மீள நிறுவ வேண்டியதில்லை. நிறுவு நிரலில் வலையமைப்பை ஆயத்தப்படுத்தும் படியை மட்டும் மீண்டும் இயக்கினால் அவ்வுரிமை திரும்பும். திருந்திய கொள்கை ஆட்சிக் கணினிகள் யாவற்றுக்கும் பரவிய பின்னர், சேவைகளை மீளத் தொடக்குதல் வேண்டும். அவசரத்தில் சேவையகத்திற்கு நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் வழங்கிவிடுவோரும் உளர். பூக்காரரிடம் கோட்டையின் சாவிக்கொத்தையே கொடுப்பதற்கு அது ஒப்பாகும்.

இவ்வகை மீட்புக்கு முன்னர் செய்யவேண்டிய கடமையும் ஒன்றுண்டு. நடைமுறையிலுள்ள கொள்கைக்குப் பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். எவ்வுரிமை எதற்காக வழங்கப்பட்டது என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும். பிரதியின் அருமையை இலங்கை 2023ஆம் ஆண்டில் உணர்ந்தது. அவ்வாண்டு ஓகத்து மாதத்தில், கப்பம் கோரும் தீநிரல் ஒன்று அரசின் மின்னஞ்சல் அமைப்பைத் தாக்கிற்று. அவ்வமைப்பு எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இயங்கியது. அப்பதிப்புக்கான ஆதரவோ அவ்வாண்டு ஏப்பிரலிலேயே முடிவடைந்திருந்தது. ஏறத்தாழ 5,000 கணக்குகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஓகத்து 26 வரையான கடிதங்களுக்குப் பிரதி இல்லாமையால் அவை மீளவேயில்லை.

அழிந்த அனுமதியை ஒரு நாளில் மீட்கலாம். பிரதியின்றி அழிந்த கடிதத்தை மீட்கும் வழியில்லை. காணி விடயமாக எழுதிய சாம்பல்தீவு வாசிக்குப் பாதுகாப்புக் கொள்கை யாதெனத் தெரிய வேண்டியதில்லை. அவர் கடிதம் சேர்தல் வேண்டும். மறுமொழி வருதல் வேண்டும். பட்டியலைத் திருத்துவோர் மறவாதிருக்க வேண்டியது அதுவே.