சிமெண்ட் ஆலை மைதானத்துக்கு வந்த இறுதிப் போட்டி

தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் 2023 சீசன் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இரண்டு வினோதங்களுக்காக நினைவிருக்கும். ஜூன் 13 அன்று கோவையில் சேப்பாக் அணிக்கு எதிராக சேலம் வீசிய கடைசிப் பந்து, நோபால்கள் புண்ணியத்தில், முடிவதற்குள் 18 ரன் போய்விட்டது. மறுநாளே, ரிவியூவில் வந்த தீர்ப்பை ஏற்காத அஸ்வின் அதன் மீதே இன்னொரு ரிவியூ கேட்டார். உலகம் முழுக்கச் சிரித்தது. டிஆர்எஸ் இந்த லீக்குக்கு வந்தது அந்த ஆண்டுதான்.

நெல்லைக்காரர்களின் நினைவு வேறு. ஜூலை 12 அன்று இறுதிப் போட்டி நடந்தது சேப்பாக்கத்தில் அல்ல, சங்கர் நகரில். ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று நெல்லை ராயல் கிங்ஸ்.

சங்கர் நகர் என்பது, திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு. 1949-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்த ஆலைதான் அந்த நிறுவனத்தின் முதல் ஆலை. நிறுவனர் சங்கரலிங்க ஐயரின் பெயர் ஊருக்கு வந்தது. ஆலையின் மைதானம் 2016-ல், லீக்கின் முதல் சீசனிலிருந்தே, ஆட்டங்களை நடத்தி வருகிறது. ஆனால் 2021 வரை கோப்பை கைமாறியது சென்னையில்தான். 2022-ல் இறுதிப் போட்டி கோவைக்குப் போனது. மழை கெடுத்தது, சேப்பாக்கும் கோவையும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன.

மழை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மலை வாங்கிக்கொள்கிறது. பாபநாசத்துக்கு மேலே அணைக்குத் தண்ணீர் வரும், குற்றாலத்தில் அருவி விழும், தாமிரபரணிப் பாசனத்தில் கார் சாகுபடி நடக்கும். திருநெல்வேலிக்கு வருவதோ பெரும்பாலும் காற்று மட்டுமே. இங்கே மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை. இதற்காகத்தான் இறுதிப் போட்டியை இங்கே வைத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஜூலையில் ஆட்டம் வைக்க இதைவிட ஏற்ற ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

'நெல்லை' அணி எவ்வளவு நெல்லை என்பது நியாயமான கேள்வி. 2016-ல் இதே அணியின் பெயர் திருவள்ளூர் வீரன்ஸ். பிறகு காஞ்சி வீரன்ஸ். அதற்கும் பிறகுதான் நெல்லை. வீரர்களும் ஊர் பார்த்து எடுக்கப்பட்டவர்கள் அல்லர். 2023-க்கு முன்பு வரை டிராஃப்ட் முறை. அந்த ஆண்டு பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் முதன்முறையாக ஏலம். அடிப்படை விலை இந்தியாவுக்கு ஆடியவர்களுக்கு 10 லட்சம், கடைசிப் பிரிவினருக்கு 1.5 லட்சம். யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்கள் ஊர்க்காரர் ஆகிவிடுவார்.

அந்த ஏலத்தில் அதிக விலை போனவர் சாய் சுதர்சன். கோவை கொடுத்தது 21.6 லட்சம். குஜராத் டைட்டன்ஸ் ஐபிஎல்லில் அவரை எடுத்த விலை 20 லட்சம்தான். மாநில லீக்கில் கூடுதல் விலை! மே 29 அன்று ஐபிஎல் இறுதிப் போட்டியில் 47 பந்தில் 96 அடித்தவர், அடுத்த இரண்டு வாரத்தில் கோவைக் கல்லூரி மைதானத்தில் மட்டை பிடித்தார்.

சிறிய லீக்கிலிருந்து பெரிய லீக்குக்கு ஏறுவது அமெரிக்க பேஸ்பாலில் வேறு மாதிரி. அங்கே பெரிய லீக்கின் 30 அணிகளுக்கும் கீழே ஆளுக்கு நான்கு சிற்றணிகள், மொத்தம் 120. சிற்றணி வீரனின் ஒப்பந்தம் பெரிய அணியின் கையில். வேண்டும்போது மேலே கூப்பிடும், வேண்டாதபோது கீழே அனுப்பும். நம் லீக்கில் அப்படிக் கட்டிய படிக்கட்டு கிடையாது. ஆடு, யாராவது பார்ப்பார்கள் என்பதுதான் ஏற்பாடு. பார்க்கவும் செய்தார்கள்: 2016-ல் திண்டுக்கல்லுக்கு ஆடிய நடராஜனை அடுத்த ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 2018-ல் மதுரைக்குப் பந்து வீசிய வருண் சக்கரவர்த்திக்கு 8.4 கோடி. எடுக்கப்படாதவர்களின் பட்டியலை யாரும் போடுவதில்லை, அது நீளம்.

2023-ல் நெல்லைக்கு அப்படிப் பார்க்க வைத்தவர் அஜிதேஷ் குருசாமி. கோவைக்கு எதிராக 60 பந்தில் 112 எடுத்து அணியின் வெற்றிக்கு வழிவகுத்தார். ஜூலை 10 அன்று சங்கர் நகரில் இரண்டாவது தகுதிச் சுற்று: திண்டுக்கல் வைத்த இலக்கு 186. கடைசி இரண்டு ஓவரில் 37 வேண்டும். பொதுவாக இந்த நேரத்தில் கூட்டம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும். 19-வது ஓவரில் அஜிதேஷும் ரித்திக் ஈஸ்வரனும் சேர்ந்து 33 ரன் எடுத்தார்கள். அஜிதேஷ் 73, ரித்திக் 11 பந்தில் 39, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. என்னைக் கேட்டால், நெல்லையின் இறுதிப் போட்டி அன்றைக்கே முடிந்துவிட்டது. திருவள்ளூரில் பிறந்த அணியை ஊர் தத்தெடுத்ததும் அந்த ஓவரில்தான்.

இரண்டு நாள் கழித்து கோவைக்கு எதிரான இறுதிப் போட்டியில் நடந்ததை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாய் சுதர்சன் வளர்ந்துவரும் அணிகளுக்கான ஆசியக் கோப்பைக்கு இலங்கை போய்விட்டார். அவர் இல்லாமலேயே கோவை 205 எடுத்தது. சுரேஷ்குமார், முகிலேஷ், அதீக் உர் ரஹ்மான் மூவரும் அரைசதம். நெல்லை 101-க்குச் சுருண்டது. 104 ரன் தோல்வி, சொந்த மைதானத்தில். தொடர் நாயகன் விருது மட்டும் 385 ரன் எடுத்த அஜிதேஷுக்கு வந்தது.

அதன் பிறகு இறுதிப் போட்டி 2024-ல் சென்னைக்கும் 2025-ல் திண்டுக்கல் பக்கம் நத்தத்துக்கும் போனது. சங்கர் நகருக்கு லீக் ஆட்டங்கள் வந்தன. சாய் சுதர்சன் 2025 ஜூனில் லீட்ஸில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். நெல்லை அணிக்கு அதுவரை கோப்பை கிடைக்கவில்லை.