நொடிப்பு மனுவும் வீட்டு வரவு செலவுக் கணக்கும்

ஒரு திங்கட்கிழமை காலை டயாலிசிஸ் பிரிவுக்கு வந்த ஒருவரின் இரத்தத்தில் பொட்டாசியம் 6.8 ஆக இருந்தது. இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை. 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். இளநீர் குடித்தாரா, வாழைப்பழம் உண்டாரா என்று வழக்கமான வினாக்களைக் கேட்டேன். எதுவும் இல்லை. முந்தைய வாரம் இரண்டு முறை அவர் வரவில்லை என்று பதிவேடு காட்டியது. "ஊருக்குப் போயிருந்தோம்" என்றார். அவரை உள்ளே படுக்க வைத்த பிறகு, அவருடைய மனைவி தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஊருக்கெல்லாம் போகலை டாக்டர். குழுக் கடன் தவணை வந்துடுச்சு. ஆட்டோவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வச்சிருந்ததை எடுத்துக் கட்டிட்டோம்."

கடனைப் பற்றி அவர்கள் அதுவரை என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. (அவரும் குடும்பத்தாரும் இசைவு தந்ததால் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளேன்.)

உறவினர் ஒருவர், "மஞ்சள் கடிதம் கொடுத்துவிடுங்கள்" என்று அவர்களுக்கு யோசனை கூறியிருந்தார். நொடிப்பு மனுவை, அதாவது ஐ.பி. தாக்கல் செய்வதை, நம் ஊர்களில் அப்படித்தான் சொல்கிறோம். அதற்காக அணுகிய வழக்குரைஞர், வீட்டின் மாத வரவு செலவை எழுதி வரச் சொன்னார். மகன் எழுதிய அந்தத் தாளை அம்மையார் எனக்குக் காட்டினார். மகனின் சம்பளம் 14,000, தாயின் தையல் வருமானம் 9,000, ஆக வரவு 23,000 ரூபாய். செலவில் வாடகை 5,500, மளிகையும் பாலும் 6,500, மின்சாரமும் எரிவாயுவும் 1,500, மகளின் படிப்பு 2,500, மருந்து 3,000. மொத்தம் 19,000. மாதம் 4,000 ரூபாய் மிஞ்சுகிறது என்றது அந்தத் தாள்!

மருந்து 3,000 என்பது எப்படி என்று கேட்டேன். "நோய்க்கு நிறைய காட்டினா, இதுக்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே" என்றார் அம்மையார். இந்த அச்சத்தை நான் வேறு குடும்பங்களிலும் கண்டிருக்கிறேன். நோய்க்குச் செலவிடுவதே கடன் கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம் என்பதுபோல் அவர்கள் கூசுகிறார்கள். ஆனால் அந்தக் கூச்சம் தாளில் இறங்கினால், கடனைக் கட்ட வசதி உண்டு என்பதற்கு அவர்களே சான்று எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

நோயின் உண்மையான மாதச் செலவு

அன்று நாங்கள் மருத்துவமனைச் சீட்டுகளை வைத்துக்கொண்டு மறுபடி கணக்கிட்டோம். வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் என்றால் மாதத்துக்குப் பன்னிரண்டு என்று பலரும் எழுதுகிறார்கள். ஆண்டுக்கு 52 வாரங்கள் என்பதால் அது 156 முறை, மாதத்துக்குப் பதின்மூன்று. முறைக்கு 900 ரூபாய் வீதம் 11,700. போகவும் வரவும் ஆட்டோ 300 வீதம் 3,900. இரத்தம் ஊறுவதற்கான ஊசி, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் சேர்த்து 6,000. பரிசோதனைகள் 1,200. ஆக 22,800 ரூபாய். தாளில் இருந்ததோ 3,000.

மற்ற வீட்டுச் செலவு 16,000-ஐச் சேர்த்தால் மாதச் செலவு 38,800. வரவு 23,000. மாதந்தோறும் 15,800 ரூபாய் துண்டு விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் கடன்பட்டது எப்படி என்பதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் இதில் வட்டி ஒரு ரூபாய்கூடச் சேரவில்லை.

உங்கள் குடும்பத்தில் நோய் வேறாக இருக்கலாம். கணக்கிடும் வழி ஒன்றுதான். 21 நாளுக்கொரு முறை ஆண்டு முழுதும் ஊசி பெறுபவருக்கு ஆண்டில் 12 ஊசி அன்று, 17 ஊசி. ஆண்டுக்கு ஓரிரு முறை நேரும் செலவுகளான ஸ்கேன், காப்பீட்டுப் பிரீமியம், மருத்துவமனையில் தங்கிய நாள்கள் ஆகியவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து எழுதுங்கள். உடன் வருபவரின் உணவு, பேருந்துக் கட்டணம், வெளியூரென்றால் தங்கும் அறை ஆகியவையும் நோயின் செலவே. மருத்துவர் எழுதிக் கொடுத்தும் பணமில்லாமல் வாங்காமல் விட்ட மருந்துகள் இருந்தால், அவற்றைத் தனியே குறித்துக்கொண்டு என்னைப் போன்ற மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். எது இன்றியமையாதது, எதற்கு விலை குறைந்த மாற்று உண்டு என்று நாங்கள் சொல்ல முடியும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையைத் தாமாகப் பாதியாக்கினால், அந்தச் சிறுநீரகத்தையே இழக்க நேரும். தாளில் செலவைக் குறைத்துக் காட்டுவதற்காக மாத்திரையைக் குறைத்தவர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன்.

வரவை எழுதும்போது

மாதச் சம்பளம் பெறுபவருக்கு இது எளிது. கூலி, தையல், ஆட்டோ, காய்கறிக் கடை என்று நாள்தோறும் மாறும் வருமானமுள்ள வீடுகளில்தான் தவறு நேர்கிறது. தீபாவளி மாதத்தின் வருமானத்தை எழுதாதீர்கள். மழைக்காலத்தின் மோசமான மாதத்தையும் எழுதாதீர்கள். கடந்த ஓராண்டைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்த சராசரி நிற்கும். நம் அம்மையார் சொன்ன 9,000, கணவர் நோயுறுவதற்கு முன் அவர் ஈட்டியது. மாதம் பதின்மூன்று நாள்கள் டயாலிசிஸ் அறைக்கு வெளியே அமர்ந்திருப்பவர் அத்தனை துணி தைக்க முடியுமா? வாடிக்கையாளர் குறிப்பேட்டைப் பார்த்ததில் அது 6,000-க்கும் குறைவு என்று தெரிந்தது. ஆக, மேலே சொன்ன 15,800-உம் உண்மையைவிடக் குறைவே.

சகோதரி மாதந்தோறும் அனுப்பும் இரண்டாயிரம், ரேஷன் அரிசி, மகளிர் உரிமைத் தொகை ஆகியவற்றை மறைக்காமல் எழுதுங்கள். உறவினர் உதவி என்றால், அது கட்டாயமற்றது, நிற்கக்கூடியது என்ற குறிப்பும் அருகில் இருக்கட்டும்.

கடனும் சொத்தும்

நான் வழக்குரைஞன் அல்லேன். நோயாளர்களின் பொருட்டு வழக்குரைஞர்களிடம் கேட்டறிந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் தனிமனிதர்களுக்கான பகுதி, நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட பிணை கொடுத்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. மற்றவர்களுக்கு இன்றும் பழைய சட்டங்களே. சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம். மனு உயர் நீதிமன்றத்தில். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். மனு மாவட்ட நீதிமன்றத்தில், அல்லது அதிகாரம் அளிக்கப்பட்ட சார்பு நீதிமன்றத்தில்.

1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடனைத் தீர்க்க இயலவில்லை என்பதை மனுவில் சொல்லி, அதை நம்புவதற்கான முகாந்திரத்தை நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கடனாளரின் பெயர், முகவரி, தொகை, தமக்குள்ள சொத்து ஒவ்வொன்றின் விவரம், மதிப்பு ஆகியன மனுவில் இருக்க வேண்டும். வரவு செலவுத் தாள் உதவுவது இந்த "இயலவில்லை" என்ற இடத்தில்தான்.

நகைக் கடனை இரண்டு பக்கமும் எழுத வேண்டும்: நகை சொத்து, வாங்கிய தொகை கடன். சீட்டும் அப்படித்தான். எடுத்துவிட்ட சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டிய தவணைகள் கடன். எடுக்காத சீட்டில் கட்டியிருப்பது சொத்து. கைம்மாற்று, கடைப் பாக்கி, மருத்துவமனைப் பாக்கி எல்லாம் சேரும். ஆம், எங்கள் மருத்துவமனைக்குத் தர வேண்டியதையும் எழுதுங்கள். இங்கே யாரும் அதற்காக முகம் சுளிக்கப் போவதில்லை.

மனுவுக்கு முன் வீட்டை மைத்துனர் பெயருக்கு எழுதிவைத்துவிட்டால் தப்பலாம் என்று தெருவுக்கு ஒருவர் யோசனை சொல்வார். நொடித்தவர் என்று தீர்ப்பானால், மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய விலையின்றிச் செய்த மாற்றங்களை நீதிமன்றம் செல்லாததாக்க முடியும். மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள், மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டும் நோக்கத்தோடு கடனைத் தீர்த்தாலும் கேள்வி எழும். சொத்தை மோசடியாக மறைப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதே சமயம், எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற அச்சமும் தேவையில்லை. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத அணிகலன், கைவினைஞரின் தொழிற்கருவிகள், தொழிலாளரின் கூலி ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்குகிறது. தாலியைப் பற்றி அம்மையார் கேட்கத் தயங்கினார். அதனால் இதை விரித்து எழுதினேன்.

மனு கொடுத்த அன்றே கடன் கரைந்துவிடாது. நொடித்தவர் என்ற தீர்ப்பு, பின்னர் நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் விடுவிப்புக்கு விண்ணப்பம், அதன்மேல் விசாரணை என்று அது நீளும். விடுவிப்புக் கிடைத்தாலும் பிணையெழுத்திட்டவரும் கூட்டாகக் கடன் வாங்கியவரும் விடுபடமாட்டார்கள். குழுக் கடனில் உங்கள் பங்கு பக்கத்து வீட்டுப் பெண்மணியின் தலையில் விழலாம்.

ஆகையால் மனுவுக்கு முன், இதே தாளை வேறு இடங்களிலும் காட்டிப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கான நுண்கடனில், எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. நுண்கடன் வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொல்லை தரக் கூடாது. தனியாரிடம் கந்துவட்டிக்கு வாங்கியிருந்தால் அதற்கெதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் உள்ளது. வழக்குரைஞருக்குத் தர வழியில்லையெனில், நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச அழைப்பு எண் 15100.

எங்களால் ஆவது

நம் நோயாளரின் குடும்பம் நொடிப்பு மனுவை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறது. புதுத் தாளைப் பார்த்த எங்கள் மருத்துவச் சமூகப் பணியாளர் முதலில் கேட்டது கடனைப் பற்றியன்று, "அரசு மருத்துவமனையில் இலவச டயாலிசிஸுக்குப் பதிவு செய்தீர்களா?" என்பதே. செய்யவில்லை. அங்கே இடம் கிடைத்ததும் மாதச் செலவில் 11,700 குறைந்தது. அது வீட்டுக்கு அருகில் என்பதால் ஆட்டோச் செலவும் பாதியாயிற்று. ஒரு நோயாளரை இழந்தோமே என்று எங்கள் கணக்குப் பிரிவு வருந்தியிருக்கலாம், எனக்கு வருத்தமில்லை. மீதிப் பள்ளம் இன்னும் இருக்கிறது. நுண்கடன் நிறுவனத்திடம் தவணையை மாற்றியமைக்கக் கேட்டிருக்கிறார்கள். மறுத்தால் மனு தயார்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அதற்கு உட்பட்ட குடும்பங்கள் வருமானச் சான்றைப் பெற்று, கடன் வாங்குமுன்னரே பதிவு செய்துகொள்ளுதல் நல்லது.

நீதிமன்றத்துக்கோ வங்கிக்கோ மருத்துவச் சான்று வேண்டுமெனில், நோயின் பெயர் மட்டும் போதாது என்று எங்களிடம் சொல்லுங்கள். எந்தச் சிகிச்சை, எத்தனை நாளுக்கொரு முறை, எவ்வளவு காலத்துக்கு, நிறுத்தினால் என்ன நேரும், நோயாளர் உழைக்க இயலுமா, உடன் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமா என்பவற்றை எழுதித் தருவோம். பழைய சீட்டுகள் தொலைந்திருந்தால், கட்டணப் பிரிவில் நோயாளர் எண்ணைக் கொடுத்து மறுபடியைக் கேளுங்கள். இரண்டு நாள் முன்னதாகக் கேட்டால் எங்களுக்கு வசதி.

வழக்குத் தொடங்கியபின், டயாலிசிஸ் நாள்கள் எவை என்பதை வழக்குரைஞரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த நாள்களில் வாய்தா விழாதபடி அவர் கேட்டுப் பார்ப்பார். விழுந்துவிட்டால் முன்கூட்டியே எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். முதல்நாள் மாலையிலோ மறுநாள் அதிகாலையிலோ இடம் ஒதுக்கித் தருகிறோம்.