சக்கரம் இருந்தாலும் நிற்க இடம் வேண்டும்

மதராசி கேம்ப் அகற்றம் எழுப்பும் கேள்விகள்

புது தில்லி: தில்லி ஜங்புராவில் பாராபுலா வடிகாலை ஒட்டி அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவந்த தமிழர் குடியிருப்பான மதராசி கேம்ப், 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி இடித்து அகற்றப்பட்டது. வடிகாலைத் தூர்வாருவதற்கும், மழைக்காலத்தில் சுற்றுப்புறப் பகுதிகளில் தண்ணீர் தேங்குவதைத் தடுப்பதற்கும் இந்த நடவடிக்கை தேவை என்று தில்லி உயர்நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் பிறப்பித்த உத்தரவின்படி இடிப்பு நடைபெற்றது.

அங்கு வசித்த சுமார் 370 குடும்பங்களில், மாற்று வீடு பெறத் தகுதியானவை என முதலில் அறிவிக்கப்பட்டவை 189 மட்டுமே. பின்னர் இந்த எண்ணிக்கை சற்றுக் கூடியது. அப்போதும் பட்டியலுக்கு வெளியே நின்ற குடும்பங்கள் பல. தகுதி பெற்றவர்களுக்கு சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கப்பட்டது. தமிழகம் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது.

இடிக்கப்பட்ட வீடுகளோடு கதவு, தகரம், செங்கல், மின் இணைப்பு என ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்துச் செய்த வேலைப்பாடும் மண்ணோடு போயிற்று. இத்தகைய குடியிருப்புகள் அகற்றப்படும்போதெல்லாம் எழக்கூடிய ஒரு கேள்வி உண்டு. நிலம்தான் அரசுக்கு வேண்டும் என்றால், வீட்டை இடிக்காமல் நகர்த்திக்கொண்டு போக வழியில்லையா? சக்கரத்தின் மேல் வீடு என்பது உலகுக்குப் புதிதல்ல. மேலை நாடுகளில் கண்ணாடி இழையால் ஆன சிறு கேரவன்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ளன. தமிழகத்திலேயே ஆட்டோவின் மேல் வீடு கட்டிக் காட்டியவரும் உண்டு. அப்படியொரு வீட்டை வாங்கி, தேவைக்கேற்ப மாற்றியமைத்து, தலைநகரில் ஓர் ஏழைக் குடும்பம் வாழ முடியுமா என்பது ஆராயத்தக்கது.

கழிவுநீர்த் தொட்டியில் பிறந்த வீடு

மதராசி கேம்ப் உருவாகத் தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே காலகட்டத்தில், 1968-இல், கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் கண்ணாடி இழையால் ஆன சிறு கேரவன் ஒன்றை உருவாக்கினார். 'போலர்' என்று பெயரிடப்பட்ட அதன் நீளம் 13 அடி. எடை அரை டன்னுக்கும் குறைவு. எனவே சிறிய கார் ஒன்றே அதை இழுத்துச் செல்லப் போதுமானதாக இருந்தது. ஒலெக்கோ அதற்கு முன்பு கண்ணாடி இழையில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. நீர் கசியாத தொட்டியைச் செய்ய முடிந்தால், நீர் புகாத கூரையையும் செய்ய முடியும் என்பதே அதன் அடிப்படை.

செய்முறை எளியது. அச்சின் உட்புறம் மெழுகு பூசி, நிறப்பூச்சு இட்டு, அதன் மேல் கண்ணாடி இழை விரிப்பைப் பரப்பி, பிசின் ஊற்றி உருளையால் அழுத்துவார்கள். காய்ந்ததும் ஓடு தனியே வந்துவிடும். மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு ஓடுகளை இடுப்பில் சேர்த்துப் பூட்டினால் முட்டை வடிவில் வீடு தயார். இந்த வித்தை தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் பிடித்த 'பைபர்' படகுகள் இதே முறையில் செய்யப்படுபவைதான்.

மரச்சட்டத்தின் மீது தகடு அடித்த கேரவன்கள், மழைநீர் இறங்கிச் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போகும். கண்ணாடி இழை ஓடு உளுக்காது. எனவேதான் அக்காலத்தில் செய்யப்பட்ட 'போலர்' வண்டிகளும், அதைப் பின்பற்றி அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உருவான 'ஸ்கேம்ப்' வண்டிகளும் இன்றும் கைமாறி வருகின்றன. பழையதை வாங்கிப் புதுப்பிப்பதே அங்கு ஒரு தனிக் கலையாக வளர்ந்துள்ளது.

வாங்குவோர் பார்ப்பது என்ன?

அவ்வாறு வாங்குபவர்கள் ஓட்டைவிட அதன் அடியில் இருப்பதைத்தான் முதலில் சோதிக்கிறார்கள். இரும்புச் சட்டத்தில் விரிசல் உண்டா, அச்சாணியில் உள்ள ரப்பர் இறுகிவிட்டதா, தரைப்பலகை ஈரத்தில் நைந்துள்ளதா, சன்னல் ஓரங்களில் கசிவு உண்டா என்பவை அவற்றில் சில. மாற்றியமைக்கும்போது இரண்டு செய்திகளில் கவனம் தேவை. ஒன்று, எடைப் பங்கீடு. மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை முன்பக்கக் கொக்கியின் மேல் அமர வேண்டும். தண்ணீர்த் தொட்டியையும் பெட்டிகளையும் பின்பக்கம் வைத்துவிட்டால், வேகமாகச் செல்லும்போது வண்டி பாம்புபோல் நெளிந்து காரையும் கவிழ்த்துவிடக்கூடும்.

மற்றொன்று, உள்ளே உள்ள அலமாரி. இடம் போதவில்லை என்று அதைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. ஆனால் பல வண்டிகளில் கூரையைத் தாங்குவதே அந்த அலமாரிதான். அதை எடுத்துவிட்டால் நாளடைவில் கூரை தொய்ந்துவிடும்.

தில்லிக்கு இதைக் கொண்டுவருவதென்றால் மூன்றாவது சிக்கலும் உண்டு. சில மில்லிமீட்டர் கனமே உள்ள ஓடு, 45 டிகிரி வெயிலில் அடுப்பாகிவிடும். ஜனவரிக் குளிரில் மூச்சுக்காற்றின் ஈரம் உட்சுவரில் வியர்த்து வடியும். எனவே உட்புறம் வெப்பம் தடுக்கும் விரிப்பும், காற்றுப் போக்கியும் அவசியம். இவை எல்லாம் செலவு பிடிப்பவை என்றாலும் செய்ய இயலாதவை அல்ல.

பரமத்தி வேலூர் இளைஞரின் முயற்சி

செய்ய இயலும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உள்ளது. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, 2019-இல் ஆட்டோ ஒன்றின் மேல் 'சோலோ 0.1' என்ற சிறு வீட்டை அமைத்தார். சுமார் 6 அடிக்கு 6 அடி, அதாவது 36 சதுர அடி அடித்தளத்தில் படுக்கை, சமையலிடம், கழிப்பிடம், வேலை செய்யும் இடம் ஆகியவற்றை அடக்கினார். கூரையில் 600 வாட் சூரிய மின்தகடும், 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார். பழைய பொருள்களைப் பெருமளவில் பயன்படுத்தியதால் செலவு சுமார் ஒரு லட்சம் ரூபாயில் முடிந்தது. 2021 பிப்ரவரியில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா பாராட்டியதைத் தொடர்ந்து நாடு முழுவதும் இது பேசப்பட்டது.

பலர் இதை வேடிக்கையாகப் பார்த்தனர். ஆனால் சென்னை, மும்பை நகரங்களின் குடிசைப் பகுதி வீடுகளை ஆராய்ந்த பின்னரே அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்பதை மறந்துவிடக் கூடாது. குறுகிய இடத்தில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதே அவருடைய பாடம்.

ஓர் ஒப்பீடு இங்கு பொருத்தமாக இருக்கும். தில்லி அரசின் 2015-ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கையின்படி, மாற்று வீடு பெறும் குடும்பம் 1,12,000 ரூபாயும், ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு 30,000 ரூபாயும் செலுத்த வேண்டும். ஆக மொத்தம் 1,42,000 ரூபாய். ஆட்டோ வீட்டுக்கு ஆன செலவைவிட இது அதிகம். அப்படியானால் சக்கர வீடே மேல் என்ற முடிவுக்கு வந்துவிடலாமா? அங்குதான் சட்டம் குறுக்கிடுகிறது.

வண்டிக்கும் முகவரி தேவை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, எஞ்சின் இல்லாத டிரெய்லரும் மோட்டார் வாகனமே. எனவே அதற்கும் பதிவு எண் வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவதை அச்சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. வெளிநாடுகளில் வார இறுதிப் பொழுதுபோக்காக உள்ள வேலை, இங்கு போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியைச் சார்ந்தது.

இதைவிட முக்கியமானது 40-ஆவது பிரிவு. வண்டி வழக்கமாக நிறுத்தி வைக்கப்படும் வசிப்பிடமோ தொழிலிடமோ உரிமையாளருக்கு எந்த எல்லையில் உள்ளதோ, அதை வைத்தே பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. அதாவது, சக்கர வீட்டை வாங்குபவருக்கு முதலில் சக்கரம் இல்லாத வீடு ஒன்று இருக்க வேண்டும். முகவரிச் சான்று இல்லாதவருக்குப் பதிவு எண் கிடைக்காது.

மதராசி கேம்ப் மக்கள் சிக்கிக்கொண்டதும் இதே முடிச்சில்தான். மறுவாழ்வுக் கொள்கையின்படி, குடியிருப்பு 2006 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பும், குறிப்பிட்ட குடிசை 2015 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். அதை வாக்காளர் பட்டியல் உள்ளிட்ட ஆவணங்களால் மெய்ப்பிக்கவும் வேண்டும். எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தோம் என்பதைவிட, எந்த ஆண்டில் எந்தத் தாளில் பெயர் இருந்தது என்பதே வீட்டை முடிவு செய்கிறது.

தில்லி அறிந்த வண்டி வீடுகள்

சக்கரம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் தில்லியிலேயே பழைய சான்று உண்டு. சித்தூர்க் கோட்டை 1568-இல் அக்பரிடம் வீழ்ந்ததை அடுத்து, அது மீளும்வரை நிலையான வீட்டில் வாழ்வதில்லை எனச் சபதம் எடுத்ததாகக் கூறப்படுபவர்கள் காடியா லோஹார் எனும் கொல்லர் சமூகத்தினர். மாட்டு வண்டியே அவர்களது வீடு. 1955-இல் பிரதமர் நேரு அவர்களைச் சித்தூருக்கு அழைத்துச் சென்று, சபதம் நிறைவேறியதாக அறிவித்தார். அதன் பிறகும் பலருக்கு நிலம் கிட்டவில்லை. தில்லியின் சாலையோரங்களில் அவர்களுடைய வண்டிகள் நகராமல் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி எழுந்த குடிசைகளும் பலமுறை அகற்றப்பட்டுள்ளன. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம்தான். எங்கே போவது என்பதற்கு விடை இல்லை.

பிரிட்டனில் 1968-இல் இயற்றப்பட்ட கேரவன் தளங்கள் சட்டம், ஜிப்சி மக்கள் வண்டிகளை நிறுத்தி வாழ இடம் அமைத்துத் தருவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. 1994-இல் அந்தக் கடமை நீக்கப்பட்டது. அமெரிக்காவில் சக்கர வீட்டைச் சொந்தமாக வாங்கியவர்களில் பலர், அது நிற்கும் மனைக்கு வாடகை செலுத்துபவர்களே. வாடகை உயரும்போது வீட்டை இழுத்துச் செல்வதற்கு ஆகும் செலவை அவர்களால் தாங்க முடிவதில்லை.

சுற்றுலாவுக்கு உண்டு கொள்கை

நம் நாட்டிலும் கேரவனுக்கு அரசின் ஆதரவு இல்லாமல் இல்லை. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. தமிழகத்தின் 2023-ஆம் ஆண்டு சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றுள்ளது. கேரவன் பூங்கா என்றால் குடிநீர், மின்சாரம், கழிவுநீர் வெளியேற்றம், பாதுகாப்பு ஆகியவை வேண்டும் என்பதை அனைவரும் ஏற்கின்றனர்.

இரண்டு இரவு தங்க வரும் பயணிக்கு இன்றியமையாதவை என ஒப்புக்கொள்ளப்படும் இதே வசதிகளைத்தான் பாராபுலா கரையில் வாழ்ந்தவர்களும் அரை நூற்றாண்டாக நாடினர். பயணி நிற்கும் இடம் முதலீடாகக் கருதப்படுகிறது. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் சென்று இந்நகரைத் தாங்கியவர்கள் நின்ற இடம் ஆக்கிரமிப்பாகிறது.

அந்த நிலம் பொது நிலம் என்பதிலோ, வடிகால் அடைபடக் கூடாது என்பதிலோ மறுப்பில்லை. மறுவாழ்வுக்கான உரிமைக்கு மேல் குடியிருப்போர் எதையும் கோர முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் அந்த மறுவாழ்வு எத்தகையது என்பதே கேள்வி. ஜங்புரா, நிஜாமுதீன் பகுதி வீடுகளில் காலை ஏழு மணிக்கு வேலைக்குச் சென்ற பெண், நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுவார்? தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. பிள்ளைகள் தமிழ் படிப்பதைத் தொடர்வது எவ்வாறு? நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே கூறியிருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஒரு லட்சம் ரூபாயில் சக்கர வீடு கட்டலாம் என்பதை நாமக்கல் இளைஞர் காட்டிவிட்டார். அதை நிறுத்தச் சில சதுர மீட்டர் இடமும், அந்த இடத்துக்கு ஒரு முகவரியும் தருவது அரசின் கையில் உள்ளது. சேரிகள் இருக்கும் இடத்திலேயே வீடு என்ற வாக்குறுதி தில்லித் தேர்தல்களில் கட்சிகள் மறவாமல் அளிப்பது. மதராசி கேம்ப் பட்டியலில் இடம்பெறாமல் போன குடும்பங்களின் ஆவணங்களை மறுபரிசீலனை செய்வதும், இனி அகற்றப்படும் குடியிருப்புகளுக்கு வேலையிடத்துக்கு அருகிலேயே நிலம் ஒதுக்குவதும் அந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவதற்கான முதற்படியாக இருக்கும்.